மூச்சு வாங்கும் அடாப்டர்

முதலில் தீய்ந்த வாடைதான் வந்தது. அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து மேசைக்கடியில் குனிந்து லேப்டாப் அடாப்டரைத் தொட்டவள், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அப்படிக் கொதித்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் உள்ளே சட்டென்று ஏதோ வெடித்தது. அதோடு அதன் கதை முடிந்தது.

எதிர்பாராத சாவு என்று சொல்ல முடியாது. ஒயர் முனையிலிருக்கும் பின்னோடு சேரும் இடத்தில் வெகு நாளாகவே விட்டுப்போயிருந்தது. கறுப்பு டேப் சுற்றி, ஒயரை ஒருக்களித்து வளைத்து, அடியில் ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும். யாராவது பக்கத்தில் நடந்தால்கூட விட்டுவிடும். "உன் லேப்டாப் முன்னாடி தும்மக்கூட பயமா இருக்கு" என்பான் கணவன்.

அவளுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, அறிக்கையாக அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கணவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். காலையில் மாவு வாசனையோடு வந்து, குளித்து, சாப்பிட்டு, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் சாயங்காலம்தான் எழுவான். அவள் படுக்கப் போகும்போது அவன் அங்கே சூட்டடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருப்பான். ஒரே கட்டிலில் ஆள் மாற்றி ஆள் படுத்து எழுவதுதான் அவர்கள் குடித்தனம். "இந்த வீட்ல லீவே இல்லாம உழைக்கிறது நம்ம கட்டில்தான்" என்று அதற்கும் அவன் ஒரு சிரிப்புச் சிரிப்பான்.

அன்றே அனுப்ப வேண்டிய வேலை பாதியில் நின்றது. லேப்டாப்பின் பேட்டரியும் கிழடு. கரண்ட் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. லேப்டாப்பையும் செத்த அடாப்டரையும் பையில் போட்டுக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரரை எல்லோரும் ஊக்கு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பித்தான் இருக்கவேண்டிய இடத்தில் எப்போதும் ஊக்குதான் குத்தியிருப்பார். அவர் அடாப்டரை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்தார்.

"இதுக்கு இனிமே உசுரு குடுக்க முடியாதும்மா. இந்த மாடலுக்கு கம்பெனி அடாப்டர் சொல்லித்தான் வரவழைக்கணும். நாளாகும்."

"அதுவரைக்கும் நான் என்னண்ணே பண்றது? டாக்டருங்க என் உசுர வாங்கிடுவாங்க."

"வேற ஏதாவது பொருந்துதான்னு பாக்கறேன், இருங்க. கம்பெனி எதுவா இருந்தா என்ன? வோல்ட் மட்டும் அச்சா ஒண்ணா இருக்கணும். ஆம்பியர் குறையக் கூடாது, கூட இருந்தா தப்பில்ல. பின்னுல உள்ள ப்ளஸ், வெளிய மைனஸ். இது மாறிப்போச்சுன்னா லேப்டாப்பும் சேந்து போயிடும்."

பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து, பின்னிக் கிடந்த ஒயர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுக்கு வோல்ட் சரியில்லை. ஒன்றுக்கு முனை தளர்ந்திருந்தது. கடைசியில், சாம்பல் நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாத ஒன்றை வெளியே எடுத்தார். மீட்டரை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். முனை கொஞ்சம் பருமன். வேறொரு முனையை மாட்டி, லேப்டாப்பில் செருகினார். ஓரத்தில் விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா? இதுக்காகவே செஞ்ச மாதிரி கச்சிதமா உக்காந்துடுச்சு. கம்பெனி சரக்கு வர்ற வரைக்கும் ஓட்டுங்க" என்றார்.

அடாப்டரை அவள் கையில் வாங்கியபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு நேரம் சொருகி வைத்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவன் உள்ளே படுத்திருந்தான். அவள் சத்தம் போடாமல் மேசையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். முழங்கால் டாக்டர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாக்கியம் முடித்து அடுத்ததை யோசிக்கும் இடைவெளியில், மூச்சு விடுவது கேட்டது. உள்ளே இழுத்து, கொஞ்சம் நின்று, வெளியே விடும் நீளமான மூச்சு. 'முழங்காலைப் பாக்குறவரு நெஞ்சைக் காட்டிக்கணும் போலிருக்கே' என்று நினைத்துக்கொண்டு அடித்தாள்.

அடுத்த பதிவு ஒரு பெண் டாக்டருடையது. அதிலும் அதே மூச்சு.

அவள் பதிவை நிறுத்தினாள். திரையில் எல்லாம் அசையாமல் நின்றது. காதில் மட்டும் மூச்சு நிற்கவில்லை. இழுத்தது. விட்டது. இழுத்தது.

ஒலியை முழுக்கக் குறைத்தாள், கேட்டது. எல்லாவற்றையும் மூடினாள், கேட்டது. அடாப்டர் ஒயரை லேப்டாப்பிலிருந்து உருவினாள். உடனே நின்றது. திரும்பச் செருகினாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்குகிறவர்கள் இழுப்பார்களே, அப்படி ஒரு நீண்ட மூச்சோடு மறுபடி தொடங்கியது.

வேலையை விட முடியாது. அன்று முழுவதும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் அடித்தாள். முடித்து எழுந்தபோது வேறொன்றும் தெரிந்தது. அவளும் அதன் கூடவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அது நிற்கும்போது தானும் நிறுத்தி, நெஞ்சு வலித்த பிறகுதான் இழுத்திருக்கிறாள். அடாப்டரைச் சுவரிலிருந்து எடுக்கக் கை போனது, மனம் வரவில்லை. யாரையோ மூச்சடைக்க வைப்பது போலிருந்தது.

"அதை ஏன் அப்படிப் பாக்குற? கடிச்சிடுமா?" என்றான் எழுந்து வந்த கணவன். முகம் வீங்கியிருந்தது. எத்தனை மணி நேரம் தூங்கினாலும் அவனுக்குத் தூக்கம் தீர்வதில்லை. சாப்பிடும்போதே கண் சொருகும்.

"ஒரு மாதிரி சத்தம் வருதுங்க."

"புதுசா வந்ததுதானே, பழகட்டும். நீ வந்த புதுசுல நான் பழகல?" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை அவள் ஊக்கு அண்ணனிடம் போய் நின்றாள். அவர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார்.

"எர்த் இல்லைன்னா ஹெட்போன்ல இரைச்சல் வரும்மா. இது ரெண்டு கால் பிளக்குதானே? திருப்பிக் குத்திப் பாருங்க, சில சமயம் அடங்கிடும். மைக் ஏதாவது திறந்து கிடக்கா?"

"மைக்கா? போன வருஷம் டீ கொட்டினப்ப அது செத்துப்போச்சு. நீங்கதானே உள்ள இருந்து கழட்டிப் போட்டீங்க."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "ஆமா, கழட்டினேன்."

"இரைச்சல்னா ஒரே மாதிரி வரும்ணே. இது இழுத்து இழுத்து விடுது."

"அரண்டவன் கண்ணுக்கு..." என்று தொடங்கியவர், ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டார். "எதுக்கும் சொல்லிடறேன். அது லேப்டாப்போடது இல்ல. மருந்துக்கடை அக்கா கொண்டுவந்து போட்டுட்டுப் போனது. அவங்க அப்பாவுக்கு மூச்சுக்கு ஒரு மெஷின் வெச்சிருந்தாங்கல்ல, அதுக்குப் போட்டிருந்தது. மெஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகு கட்டிலுக்கடியில கிடைச்சுதாம். கணக்குக்கு அது வேற, இது வேறன்னு இல்ல. வோல்ட் ஒண்ணுதான்."

அவள் அங்கிருந்து நேரே மருந்துக்கடைக்கு நடந்தாள்.

மருந்துக்கடை அக்காவை அவளுக்குத் தெரியும். அந்தத் தெருவில் தலைவலி என்று யார் வந்தாலும் முதலில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைக் கடையும் வீடுமாக ஓடி ஓடிப் பார்த்தவள். அவர் போய் சில மாதங்கள் ஆகியிருந்தன.

கடையில் கூட்டம் குறையும்வரை அவள் ஓரமாக நின்றாள். எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "அக்கா, உங்க அப்பா மெஷின் அடாப்டர் இப்ப எங்கிட்டதான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மருந்துக்கடை அக்காவின் கை மாத்திரை அட்டையின் மேல் அப்படியே நின்றது.

"எதுல மாட்டியிருக்க?"

"லேப்டாப்ல."

"ஏதாவது கேக்குதா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

"மூச்சா?" என்றாள் மருந்துக்கடை அக்கா, மிகவும் மெதுவாக. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, பூட்டையும் மறந்து, மறுபடி வந்து முழுக்க இறக்கிப் பூட்டிவிட்டு, அவளோடு நடந்தாள். வழியில் ஒரே ஒரு தரம் பேசினாள். "அப்பா போன பிறகும் அந்த மெஷினை நிறுத்த எனக்கு மனசு வரல. சும்மாவே ஓட விட்டு வெச்சிருந்தேன். சொந்தக்காரங்கதான் வந்து பிளக்கைப் பிடுங்கினாங்க."

வீட்டில் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கணவன் வந்து படுத்துவிட்டான். அவள் லேப்டாப்பைத் திறந்து, அடாப்டரைச் செருகி, ஹெட்போனை நீட்டினாள். மருந்துக்கடை அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். முகம் முழுவதும் ஒரு எதிர்பார்ப்பு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளை வெளியே வருவதற்காக நிற்கும் தாய்க்கு இருக்கும் முகம்.

கொஞ்ச நேரத்தில் அந்த முகம் வாடிப்போனது.

"இது அப்பா இல்ல."

"இல்லையா?"

"நாலு வருஷம் கேட்ட மூச்சும்மா. அப்பாவோடது கடைசியில ஒரு விசில் அடிக்கும். இதுல அது இல்ல. இது கனமான ஆளு. வயசும் கம்மி." மறுபடி கேட்டாள். நெற்றி சுருங்கியது. "இது நிக்குது. கேட்டியா, நிக்குது. ரொம்ப நேரம் நிக்குது. அப்புறம்தான் திணறி இழுக்குது." ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தாள். "உள்ள யாரு தூங்குறது?"

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இதைக் காதுல வை" என்று ஹெட்போனை அவளிடம் கொடுத்துவிட்டு, மருந்துக்கடை அக்கா உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, நிலைப்படியில் நின்றாள். "அவர் நெஞ்சு மேல வர்றப்ப நான் கையைத் தூக்கறேன். இறங்குறப்ப இறக்கறேன்."

கை மேலே போனது. காதில் மூச்சு உள்ளே இழுத்தது. கை இறங்கியது, மூச்சு வெளியே வந்தது. மறுபடி கை ஏறியது. இழையளவும் பிசகவில்லை. நடுவில் சுவர் இருந்தது, மைக் இல்லை, ஒயரின் மறுமுனை சுவரில் குத்திய பிளக்கில் முடிந்தது. அந்தச் சாம்பல் நிறக் கட்டிக்கு உள்ளே அவள் கணவன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கை இறங்கி, அப்படியே நின்றது.

காதில் நிசப்தம். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போகும், இதோ போகும் என்று பார்த்தாள். போகவில்லை. மருந்துக்கடை அக்கா திரும்பி அவளைப் பார்த்த பார்வையில், ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அவன் மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. உதடு கறுத்து நீலம் பாரித்திருந்தது. தொண்டை மட்டும் எதையோ விழுங்கப் பார்ப்பதுபோல் அசைந்தது. நெஞ்சு அசையவில்லை.

"ஏங்க! ஏங்க!" தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒருக்களித்துப் புரட்டினாள். கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் வீடே அதிரும்படி ஒரு மூச்சை இழுத்து, எழுந்து உட்கார்ந்தான்.

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?" என்றவன், வாசலில் நின்ற மருந்துக்கடை அக்காவைப் பார்த்துவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். "அக்கா, எனக்கு ஒண்ணுமில்லையே? இவதான் அடிச்சா."

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் மருந்துக்கடை அக்கா. "டிரஸ்ஸை மாத்திட்டு வாங்க."

போனார்கள். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப மூச்சு நின்றுபோகிறது என்றார் டாக்டர். இதயம் ஏற்கெனவே களைத்திருந்தது. "வீட்ல யாரும் கவனிக்கலையா? பக்கத்துல படுக்கிறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்" என்றார் அவர். அந்த வீட்டில் யாரும் யார் பக்கத்திலும் படுப்பதில்லை.

"எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சத்தம் கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அவனுக்கும் ஒரு மெஷின் வந்தது. முகமூடியும் நீளக் குழாயுமாக அதை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, "தும்பிக்கை மட்டும்தான் பாக்கி இருந்துச்சு, அதுவும் வந்தாச்சு" என்றான். ஆனால் முதல் வாரத்திலேயே முக வீக்கம் வடிந்தது. சாப்பிடும்போது கண் சொருகவில்லை. ராத்திரி ஷிப்டை விட்டு மாறிக்கொள்ள மேலதிகாரியிடம் சொல்லி வைத்தான்.

வேலை இல்லாத நேரத்தில், அவள் ஒரே ஒரு முறை மட்டும் அந்த மூச்சுக்காகவே ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். மூச்சு இருந்தது. நிற்காமல், ஒரே சீராக, ஆற்றில் படகு போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கேட்கக் கூடாத ஒன்றை ஒட்டுக் கேட்பதுபோல் கூசியது.

கம்பெனி அடாப்டர் வந்து சேர்ந்ததும் ஊக்கு அண்ணன் ஆள் சொல்லி அனுப்பினார். அதை மாட்டினாள். டாக்டர்கள் பேசினார்கள், இடைவெளியில் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அவள் அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போய்க் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டாள்.

பழையதைக் குப்பையில் போட மனமில்லை. கையிலெடுத்தால் இன்னும் வெதுவெதுவென்றுதான் இருந்தது, எதிலும் சொருகாமலேயே. துணியில் சுற்றிக் கொண்டுபோய் மருந்துக்கடை அக்காவிடம் கொடுத்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காமல், தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து, மெஷினில் ஊற்றக் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்க அவள் கடைக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை அக்கா முன்னைவிடத் தெளிவாக இருந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள். கணவனைப் பற்றி விசாரித்துவிட்டு, வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அதை என் லேப்டாப்புக்கு மாட்டிக்கிட்டேன். ஊக்கு அண்ணன்தான் முனை மாத்திக் குடுத்தார்."

"கேக்குதா?"

"முதல்ல கேக்கல. எப்படிக் கேக்கும், வீட்ல தூங்குறதுக்கு ஆள் வேணுமேன்னு நானே நினைச்சுக்கிட்டேன்." தண்ணீர் பாட்டிலைத் துடைத்துப் பையில் போட்டாள். "முந்தாநாள்லேர்ந்து கேக்குது."

"வீட்ல யாரு இருக்காங்கக்கா?"

"நான் மட்டும்தான்."

"அப்ப அந்த ரூம்... கதவைத் திறந்து பாத்தீங்களா?"

"அப்பா ரூமா? சாத்தித்தான் வெச்சிருக்கேன்." மருந்துக்கடை அக்கா அவளை நேராகப் பார்த்தாள். பைத்தியம் பிடித்த பார்வை இல்லை. களைத்து வந்தவர்கள் உட்கார இடம் கிடைத்ததும் பார்ப்பார்களே, அப்படி. "விசில்கூட அடிக்கல. நல்லாத் தூங்குறார். எதுக்கு எழுப்பணும்?"

அந்த அடாப்டரைத் தூர எறிந்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தாள். தன் வீட்டில் கணவன் உயிரோடு படுத்திருக்க, அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றியது. பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்குப் போகும் வழி மருந்துக்கடை அக்காவின் சந்து வழியாகத்தான். தலையைக் குனிந்துகொண்டே போய்விட வேண்டும் என்று நினைத்தவள், அந்த வீட்டருகே வந்ததும் நின்றுவிட்டாள். முன்கதவில் பூட்டு தொங்கியது. சந்தைப் பார்த்த ஜன்னல் சாத்தியிருந்தது; உள்ளே திரை பாதி விலகி, கட்டிலின் கால் தெரிந்தது. தெருவில் எல்லா ஜன்னல்களிலும் தூறல் வெளிப்புறமாக வழிந்துகொண்டிருந்தது. இந்தக் கண்ணாடியில் மட்டும் உள்புறம் ஓர் இடத்தில் ஆவி படிந்திருந்தது, கையகலத்துக்கு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சுருங்கி மறைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி படிந்தது.

எப்படி நடந்தாள், எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. புடவைத் தலைப்பெல்லாம் நனைந்திருந்தது. கணவன் எழுந்து, முகமூடியின் வார் பதிந்த கன்னத்தோடு, டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"மழையா?" என்றான்.

"தூறல்தான்" என்றாள். அவன் முதுகில் கை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, டீ ஆறும்வரை அங்கேயே நின்றாள்.